ஆவரேஜ் ஏறின ஞாயித்துக்கிழமை

எங்க வூட்டுக்காரருக்கு என் வலது கால் மேல நம்பிக்கை கிடையாது. அது ரொம்ப கனமான காலாம். ஆக்சிலேட்டர்ல வெச்சா வண்டியோட மைலேஜ் பாதாளத்துக்குப் போயிடுமாம். நான் லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷம் ஆகுது. ஆர்டிஓ ஆபீஸ்ல ஓட்டிக் காட்டினப்போ இந்தக் காலைப் பத்தி யாரும் ஒரு குறையும் சொல்லல.

ஹைப்ரிட் வண்டி வாங்கினதுலேர்ந்துதான் இந்தக் கூத்து. அதுல பெட்ரோல் இன்ஜினும் கீது, பேட்டரியில ஓடுற மோட்டாரும் கீது. மெதுவா போனா மோட்டார், மிதிச்சா இன்ஜின். காலை எடுத்தா வண்டி வேகம் குறையுதில்ல, அந்த ஓட்டத்துலயே பேட்டரி ஏறிக்கும். வயர் சொருகுற வேலையே கிடையாது. எங்க கேளம்பாக்கம் ஃபிளாட்டுல பார்க்கிங்ல சார்ஜர் வைக்க அசோசியேஷன் ஒத்துக்கல, அதனாலதான் இவரு இதை எடுத்தாரு. எதிர் ஃபிளாட்டு சார் ஒரு நாள், இன்னும் கொஞ்ச வருஷத்துல எல்லாமே எலெக்ட்ரிக்தான், உங்களுது ரெண்டுங்கெட்டான்னு சொல்லிட்டாரு. பாவம், அவரை லிஃப்ட் வாசல்லயே மடக்கி இவரு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தாரு. ஊருக்குப் போற வழியில சார்ஜர் எங்க கீது, லீவு நாள்ல அங்க எவ்ளோ பேர் நிப்பாங்க, எலெக்ட்ரிக் வந்து சேர்ற வரைக்கும் ஹைப்ரிட்தான் ஓடும்னு. அதுல பாதி நியாயம்தான், நானே ஒத்துக்கறேன்.

ஆனா ஓடணுமே. இவருக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஃபேக்டரியில வேலை. கம்பெனி பஸ் வந்து ஏத்திக்கினு போயிடும். வாரத்துல ஆறு நாளு வண்டி கவரைப் போர்த்திக்கினு தூங்கும். புதன்கிழமை சாயங்காலம் மட்டும் கீழ போயி, ஆன் பண்ணி, உள்ள உக்காந்து மைலேஜ் ஆவரேஜ் காட்டுற ஸ்கிரீனைப் பார்த்துட்டு வருவாரு. ஞாயித்துக்கிழமை என்னை ஏத்திக்கினு மாமல்லபுரம். ஏசி போடாதே, ஆவரேஜ் குறையும். ஜன்னல் திறக்காதே, காத்து இழுக்கும். வெந்து போயி உக்காந்திருப்பேன். வூட்டுக்கு வந்ததும் ஸ்கிரீனை போட்டோ எடுத்து, இதே வண்டி வெச்சிருக்கிறவங்க வாட்ஸ்அப் குரூப்ல போடுவாரு. லிட்டருக்கு இருபத்தி நாலு கிலோமீட்டரைத் தாண்டினதே இல்ல.

போன வருஷம் எனக்கு ஒரு வேலை கிடைச்சுது. ஈசிஆர்ல, மாமல்லபுரத்துக்கு முன்னாடி ஒரு ஓட்டல்ல ரிசப்ஷன். பதினோரு வருஷம் வூட்டுக்குள்ளயே இருந்தவ. சத்தியமா சொல்றேன், அந்த கவுன்டருக்குப் பின்னாடி நின்னா நான் வேற ஆளு. மூணு மாசம் பார்த்துட்டு நிரந்தரம் பண்றோம்னு சொல்லியிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு, மத்த நாள் காலையில ஏழு மணிக்கு அங்க நிக்கணும். கோவளம் வரைக்கும் ஷேர் ஆட்டோ, அங்கேர்ந்து பஸ். ஆட்டோ ஆள் சேர்ற வரைக்கும் கிளம்ப மாட்டான், வர்ற பஸ்ஸு நிக்காது. ரெண்டு தடவை லேட்டாயிடுச்சு. மேனேஜர் அம்மா கோவப்படல. அடுத்த தடவை என்னால காப்பாத்த முடியாதும்மான்னு மட்டும் சொன்னாங்க. அன்னிக்குத்தான் எனக்கு பயம் புடிச்சுது.

வண்டியைக் கேட்டேன். இவரு வேணாம்னு சொல்லவே இல்ல. தாராளமா ஓட்டு, ஆனா ஆவரேஜ் உழுந்துடும்னாரு. மறுநாள் காலையில, எப்பவும் மாட்டுற ஆணியில சாவி இல்ல. பேன்ட் பாக்கெட்ல போட்டுக்கினு கம்பெனி பஸ்ல ஏறிட்டாரு. ஃபேக்டரிக்கு எதுக்கு கார் சாவின்னு கேட்டா, பழக்கம்னாரு. இன்னொரு சாவி எங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சத்தம் போட்டு சண்டை புடிக்கிற ஆளா இருந்தா நானும் கத்தியிருப்பேன். இவரு சிரிச்சுக்கினே பண்ணுவாரு, அதான் பேஜாரு.

அந்த ஞாயித்துக்கிழமை மாமல்லபுரம் பீச்சுல செம காத்து. இவரு ரெண்டு கண்ணுலயும் மணல் அடிச்சிடுச்சு. தண்ணி பாட்டில் வாங்கிக் கழுவினோம், மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி ஊத்தினோம். கண்ணு மொளகாப்பழம் மாதிரி செவந்து திறக்கவே முடியல. அப்பவும் எங்கிட்ட சாவியைக் குடுக்கல, கூலிக்கு வந்து ஓட்டுற ஆக்டிங் டிரைவருக்கு போன் பண்ணச் சொன்னாரு. ஞாயித்துக்கிழமை, ரெண்டு மணி நேரம் ஆகும்னுட்டாங்க. அப்புறம்தான் சாவி என் கைக்கு வந்துச்சு.

கோவளம் வரைக்கும் ஒரே நெரிசல். சென்னைக்குத் திரும்புற ஜனமெல்லாம் ரோட்டுலதான் இருந்துச்சு. மத்த வண்டிங்க டிராஃபிக்லதான் பெட்ரோலைக் குடிக்கும். இது நேர்மாறு, ஊர்ந்து போனா பேட்டரியிலயே போயிடும். காலை லேசா வெச்சேன், எடுத்தேன். இன்ஜின் சத்தமே இல்ல. எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு சந்தோஷம். இவரு கர்ச்சீப்பை ஒரு கண்ணுல அமுக்கிக்கினு, இன்னொரு கண்ணை இடுக்கி ஸ்கிரீனையே பார்த்துக்கினு வந்தாரு. மெதுவா, மெதுவான்னு ஒரு நூறு தடவை சொல்லியிருப்பாரு. நான் மெதுவாத்தான் போனேன், முன்னாடி லாரி நின்னுக்கினு இருந்துச்சு.

ஃபிளாட்டுல நிறுத்தினப்போ ஸ்கிரீன்ல இருபத்தெட்டு. கண்ணு எரிய எரிய போட்டோ எடுத்து குரூப்ல போட்டாரு. எப்படி சார், ரகசியத்தைச் சொல்லுங்கன்னு கேட்டாங்க. பொறுமையும் லேசான காலும் வேணும்னு அவரு பதில் போட்டாரு. எனக்கே படிச்சுக் காட்டினாரு.

"இன்னாங்க, அது என் காலு. நாளைக்குக் காலையில சாவியை வெச்சிட்டுப் போங்க"ன்னேன்.

"நான் பக்கத்துல இருந்து சொன்னேன், நீ ஓட்டின. தனியா போனா இது வராதும்மா"ன்னாரு.

மறுநாள் ஆணி காலியா இருந்துச்சு. ரெண்டு பஸ்ஸு நிக்காம போச்சு. நான் போய்ச் சேர்ந்தப்போ மணி ஏழே முக்கால், கவுன்டர்ல வேற ஒரு பொண்ணு நின்னுக்கினு இருந்தா. மேனேஜர் அம்மா என் கையைப் புடிச்சுக்கினு மன்னிப்பு கேட்டாங்க. திரும்பி வர்றப்போ பஸ்ல உக்காரவே இடம் இருந்துச்சு. ஜன்னல் ஓரமா உக்காந்து கோவளம் வர்ற வரைக்கும் அழுதேன்.

வேலை போன விஷயத்தை இவருகிட்ட சொன்னேன். அவரு நெசமாவே வருத்தப்பட்டாரு, பொய் சொல்லக் கூடாது. ஏதாவது பண்ணணும்னு ரெண்டு நாளு யோசிச்சாரு. அப்புறம், இனிமே ஞாயித்துக்கிழமையில வண்டி உன்னுதுன்னு சொல்லிட்டாரு. எனக்குப் பெரிய பரிசு குடுத்த மாதிரி மொகம்.

இப்ப ஞாயித்துக்கிழமைன்னா நான்தான் ஓட்டுறேன். அவரு பக்கத்துல உக்காந்து ஸ்கிரீனைப் பார்ப்பாரு. ஏசி கிடையாது. குரூப்ல அவருக்கு நல்ல பேரு. கோவளம் தாண்டி, மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி அந்த ஓட்டல் வாசல் வரும். அங்க வந்தா என் காலு தானா ஆக்சிலேட்டரை விட்டுடும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கவுன்டர் தெரியுதான்னு பார்ப்பேன். வண்டி சத்தமில்லாம வேகம் குறையும்.

"பாத்தியா, இப்ப பேட்டரி ஏறுது. இப்படித்தான் ஓட்டணும்"னு அவரு சொல்வாரு.