இருட்டறைக்கு ஒரு லென்ஸ்

அந்தத் தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றால்தான் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடை போட்டு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. நீங்கள் உள்ளே நுழைந்து நாற்காலியில் உட்காருவதற்குள், உங்கள் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று மனசுக்குள் குறித்துவிடுவார். அப்புறம் அளவுகோல் வைத்துப் பார்ப்பதெல்லாம் சும்மா ஒரு ஒப்புக்கு. அரை மில்லிமீட்டர்கூடத் தப்பாது. இப்படி ஒரு கண் வாய்த்தவனுக்குத் தலைக்கனம் வராமல் இருக்குமா? வந்தது. மற்ற விஷயங்களில் மனுஷன் சாது. லென்ஸ் என்று பேச்செடுத்தால் மட்டும் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் இரண்டு வருஷமாக ஓர் அறை இருண்டு கிடந்தது.

அவர் மனைவிக்குத் தலைக்குள் ஏதோ நரம்பு கெட்டுப்போனது. வெளிச்சம் பட்டால் மண்டை பிளக்கிற வலி, கூடவே வாந்தி. ஜன்னலுக்கு முதலில் திரை போட்டார்கள், அப்புறம் திரைமேல் கம்பளி, அப்புறம் கம்பளியைச் சுற்றி ஆணி. சுவிட்சில் மினுக்கும் சிவப்புப் பொட்டுக்குக்கூடக் கறுப்பு டேப் ஒட்டியாயிற்று. கண்ணாடிக்காரர் ஆயிற்றே, கையைக் கட்டிக்கொண்டா இருப்பார்? பழுப்பு, சாம்பல், பச்சை என்று நாலு கண்ணாடி தன் கையாலேயே செய்து மாட்டிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. மூன்று டாக்டர்களிடம் போனார்கள். கடைசி டாக்டர், "பழகிக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எப்படிப் பழகுவது என்று அந்தப் புண்ணியவான் சொல்லவில்லை.

ஆனால் அந்த அம்மாளின் வாய் இருக்கிறதே, அதற்கு மட்டும் ஒரு நோயும் வரவில்லை. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, இருட்டில் அவள் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து அவர் சாப்பிடுவார். கரண்டி தட்டில் படாமல் மேஜையில் இடித்தால் போதும், சிரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

"என்னங்க, தட்டு எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்குன்னு அளந்து பாருங்க!"

இன்னொரு நாள், "இருட்டுல நீங்க ரொம்ப அழகுங்க. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா கல்யாண மேடையிலயே விளக்கை அணைக்கச் சொல்லியிருப்பேன்" என்றாள்.

அவருக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் பாதி பாரம் இறங்கும். இவ்வளவு சிரிக்கிறவளுக்கு வலி ஏதோ கொஞ்சம்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கவும் போவார். தலையைத் தொட்டால் வலிக்கும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். அதனால் தொடுவதில்லை. அவருக்கு மனைவி என்றால் ஒரு குரல், கட்டிலோரம் நீளும் ஒரு கை, அவ்வளவுதான்.

ஒரு நாள் கடையில் ஒரு பெண்மணிக்கு ஃபிரேம் மாட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரு காது மற்றதைவிடச் சற்று மேலே. "நம்மவளுக்கும் இப்படித்தான்" என்று நினைத்தவருக்கு, எந்தக் காது என்று சட்டென்று வரவில்லை. காது போகட்டும், முகத்தை நினைத்துப் பார்த்தார். அதுவும் வரவில்லை. கண்மணிகளுக்கு நடுவே அறுபத்தொன்று என்ற எண் மட்டும் வந்தது. அந்தப் பெண்மணியை உட்காரவைத்துவிட்டு, பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளின் முகம் மறந்துபோனால் அவன் என்ன புருஷன்?

வீட்டில் பழைய படங்கள் ஆல்பம் ஆல்பமாக இருந்தன. எடுத்துப் பார்த்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யாரோ ஒருத்தி நிற்கிறாள். இப்போது அந்த அறைக்குள் இருப்பவள் எப்படி இருக்கிறாள்? நாளைக்கே ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், அவள் முகத்தைப் பார்க்காமலே அனுப்பிவைக்க வேண்டியதுதானா? ஒரே ஒரு தடவை, இப்போது இருக்கிறபடி பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் அவருக்கு வேறு ஆசை கிடையாது.

ஃபோனை நீட்டிப் பார்த்தார். திரை பளிச்சென்று எரிந்தது. அவள் இரண்டு நாள் தலை தூக்கவில்லை. விஷயம் கேள்விப்பட்ட மச்சினன், மனைவியின் தம்பி, தன் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"மாமா, இது சத்தம் போடாது, எந்த விளக்கும் எரியாது. பின்னாடி இருக்கற திரையில மட்டும் டேப் ஒட்டிடுங்க. ஆனா இதுல இருக்கறது பகல்ல எடுக்கற லென்ஸ். உங்க இருட்டுக்கு வேகமான லென்ஸா ஒண்ணு பார்த்துக்கோங்க."

வேகமான லென்ஸ் என்றால் ஓடுகிற லென்ஸ் இல்லை. வாயை அகலத் திறந்து, இருக்கிற கொஞ்ச நஞ்ச வெளிச்சத்தையும் அள்ளிக்கொள்கிற லென்ஸ். இதைக்கூட அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மனைவிதான் பிடிகொடுக்கவில்லை. "எதுக்குங்க இந்த வேண்டாத வேலை? இருட்டுல நான் ரதி மாதிரி இருக்கேன். படம் எடுத்து அதைக் கெடுத்துக்காதீங்க" என்றாள். அப்புறம், தலை வாரவில்லை என்றாள். நாளைக்கு என்றாள். எல்லாம் சிரித்துக்கொண்டேதான். அவர் விட்டால்தானே? "ஒரே ஒரு படம்" என்று நச்சரித்து நச்சரித்துச் சம்மதம் வாங்கிவிட்டார்.

மச்சினன் கொடுத்ததை எடுத்துக்கொண்டு கேமராக் கடைக்குப் போனார். அங்கே கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி இருந்தாள். கறுப்புத் துணியை விரித்து, மூன்று லென்ஸ்களை எடுத்து வைத்தாள்.

"இது 2, இது 1.4, இது 0.95. நம்பர் குறையக் குறைய வெளிச்சம் கூட வரும் சார். எவ்வளவு வெளிச்சத்துல எடுக்கப் போறீங்க?"

"வெளிச்சமே இருக்காது. கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருக்கும், அவ்வளவுதான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "0.95 பெருசுதான். ஆனா ஃபோகஸ் விரல் அகலம்கூட நிக்காது. மூக்கு தெளிவா விழுந்தா கண்ணு மங்கிடும். 1.4 எடுத்துக்கோங்க, கொஞ்சமாவது இடம் கொடுக்கும். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். இந்தக் கேமராவுல நீங்க லென்ஸ் வழியா பார்க்கப் போறதில்ல, அதனால..."

"ஏம்மா, கொல்லன் தெருவுல ஊசி விக்கறீங்களே!" என்று கண்ணாடிக்காரர் குறுக்கே விழுந்தார். "இருபத்தெட்டு வருஷமா லென்ஸோட குடித்தனம் பண்றேன். பெருசா இருக்கறதைக் கட்டுங்க. அப்படியே உங்க ஃபிரேம் இடது பக்கம் சாய்ஞ்சிருக்கு, கடைக்கு வாங்க, நிமிர்த்தித் தரேன்."

அவள் 0.95 லென்ஸையே கட்டிக் கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்?

மறுநாள் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து, கேமராவோடு அறைக்குள் போனார். கண்ணில் வைத்தார். கும்மிருட்டு. ரேஞ்ச்ஃபைண்டர் என்பது என்ன? கேமராவின் மூலையில் தனியாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அதில் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஃபோகஸ். லென்ஸ் எவ்வளவு வாயைப் பிளந்தாலும் அந்த ஜன்னலுக்கு ஒரு பொட்டு வெளிச்சம் கூடுதலாக வராது. இதைத்தான் அந்தப் பெண்மணி சொல்ல வந்தாள். ஒன்றே தெரியாத இடத்தில் இரண்டை எப்படிச் சேர்ப்பது? குத்துமதிப்பாகத் திருகி இருபது படம் எடுத்தார். சிலதில் தலையணை தெளிவாக விழுந்தது, சிலதில் சுவர். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகை.

யானைக்கும் அடி சறுக்கும். மூன்று நாள் வீம்புக்கு இருந்துவிட்டு, நாலாம் நாள் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதே கடைக்குப் போனார். அந்தப் பெண்மணி குத்திக்காட்டவில்லை. "யாரை சார் எடுக்கறீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் சொன்னார். அவள் கேமராவை வாங்கி, லென்ஸ் வளையத்தில் தூரத்துக்கான எண்கள் பொறித்திருப்பதைக் காட்டினாள்.

"ஒரு மீட்டர்ல வெச்சிடுங்க. சரியா ஒரு மீட்டருக்கு நூல் வெட்டி, ஒரு முனையை கேமரா மேல இந்தக் கோட்டுல ஒட்டுங்க. இன்னொரு முனை அவங்க கண்ணுக்குப் பக்கத்துல இருக்கட்டும். நூல் விறைப்பா இருந்தா ஃபோகஸ் சரியா இருக்கும். கண்ணால பார்க்கவே வேணாம்."

முக்காலிமேல் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் கேமராவை வைத்தார். நூலைப் பிடித்துக்கொண்டு கட்டிலருகே போனபோது அவள் அவசரமாக, "நீங்க அங்கயே இருங்க, இங்க கொடுங்க, நானே பிடிச்சுக்கறேன்" என்றாள். இருட்டில் அவள் கை வந்து நூல் முனையை வாங்கிக்கொண்டது. தலையைத் தொட்டால் வலிக்கும் என்பதால் சொல்கிறாள் என்று அவரும் விட்டுவிட்டார்.

கால் செகண்ட் அசையாமல் இருக்க வேண்டும். மூச்சு விட்டால் முகம் அந்த விரல் அகலத்தைத் தாண்டிவிடும். தினமும் மத்தியானம் நாலு படம், அதற்கு மேல் அசையாமல் இருக்க அவளால் முடியாது. ஒன்பது நாள் போயிற்று. ஒன்றும் தேறவில்லை.

பத்தாம் நாள் அவள், "இந்த லென்ஸுக்கு நீங்க பண்ற சேவையில பாதி எனக்குப் பண்ணியிருந்தா, நான் என்னைக்கோ எழுந்து ஓடியிருப்பேன்" என்றாள். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும், "சரி, நூல் விறைப்பா இருக்கு, அமுக்குங்க" என்றாள். அமுக்கினார்.

கடைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கேமராத் திரையில் ஒட்டியிருந்த டேப்பை உரித்தார். முதலில் தெரிந்தது இமைமயிர். ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு. "விழுந்துடுச்சு!" என்று தனியாகவே கத்திவிட்டார். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்.

இமைகள் வீங்கி, இறுக மூடிக் கிடந்தன. புருவங்களுக்கு நடுவே தோல் முடிச்சுப்போல் சுருண்டிருந்தது. கீழுதட்டைப் பல் கடித்துப் பிடித்திருந்தது. உதட்டில் ஆறியதும் ஆறாததுமாகப் பழைய கடிகள். நூலைப் பிடிக்காத கை முஷ்டியாகி நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. நகக்கீறல்கள் மட்டும் இருந்தன.

இரண்டு பேரும் சிரித்து முடித்து ஒரு மூச்சு நேரம்கூட ஆகாதபோது எடுத்த படம் அது.

கதவு வழியாக வந்த வெளிச்சம்தான் காரணம் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. அவ்வளவு முடி ஒரு நாளில் பிய்ந்ததில்லை. கேமராவில் அதற்கு முன்னால் எடுத்த படங்களைத் திருப்பிப் பார்த்தார். மங்கிப்போன ஒவ்வொன்றிலும், தலையணை என்று அவர் நினைத்திருந்த வெளிறிய திட்டு அந்த முஷ்டிதான். எல்லாவற்றிலும் அதே இடத்தில் இருந்தது. இரண்டு வருஷமாக அவள் இப்படித்தான் இருந்திருக்கிறாள். இதே முகத்தோடு அவரைக் கேலி செய்திருக்கிறாள், சாப்பிடச் சொல்லியிருக்கிறாள், போய்த் தூங்குங்கள் என்றிருக்கிறாள். அவரும் போய்த் தூங்கியிருக்கிறார். ஊரார் முகத்தையெல்லாம் அரை மில்லிமீட்டர் பிசகாமல் பார்த்தவர், மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். வாசலில் யாரோ வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அறைக்குள் நுழைந்ததுமே, "என்னங்க, இன்னைக்காவது விழுந்துச்சா?" என்று கேட்டாள். வழக்கமான குரல்தான். ஆனால் கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது அவருக்குக் கேட்டது.

எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்லத்தான் வந்தார். இனி எனக்காகச் சிரிக்காதே என்று சொல்லத்தான் வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்தார். சொன்னால் என்ன ஆகும்? அவளிடம் மிச்சம் இருப்பது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு எதைக் கொடுப்பார்? அவரிடம் என்ன இருக்கிறது?

"இல்லம்மா, விழலை. இனிமே விழவும் விழாது" என்றார். "தப்பு என்மேலதான். நான் தப்பான லென்ஸ் வாங்கிட்டேன்."

கட்டிலில் அவள் பிடித்திருந்த மூச்சு மெல்ல வெளியே வந்தது.

"கண்ணாடிக்காரருக்கே லென்ஸ் தப்பிடுச்சா! வெளியில சொல்லிடாதீங்க, கடைக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க!" என்று ஆரம்பித்து, விழுந்து விழுந்து சிரித்தாள். கேட்கிற யாருக்கும் தோன்றும், இவளுக்கு என்ன குறை என்று. ஒவ்வொரு சிரிப்புக்கும் அந்த முகம் என்ன பாடுபடுகிறது என்று அவருக்கு இப்போது தெரியும். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று, அவரும் சத்தமாகச் சிரித்தார்.