தெரு முழுக்க வேப்பிலை

எனக்கு அம்மை போட்டிருந்த ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைதான், அக்காவைப் பெண் பார்க்க மாங்காட்டிலிருந்து வருவதாக இருந்தார்கள். என் உடம்புக்கு எப்போதுமே சமயம் தெரியாது. இன்றைக்கும் விருந்துக்கு முந்தின நாள்தான் வயிறு கெடும்.

நாங்கள் ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வாசலில் வேப்பிலை செருகாமல் அம்மனை ஒளித்துவைக்க அம்மா சம்மதிக்கவில்லை. செருகினால் மாப்பிள்ளை வீட்டார் படியேற மாட்டார்கள். வரனைக் கொண்டுவந்த மாமாவுக்கு இது மானப் பிரச்சினை. யோசித்து, சனிக்கிழமை காலையிலேயே தெருவில் எல்லா வாசலிலும் வேப்பிலை கட்டிவிட்டார். “தொத்தாம இருக்கும்” என்றதும் யாரும் மறுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் கோயில் விசேஷம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மாமா மறந்துபோனது ஹெல்த் இன்ஸ்பெக்டரை. வீட்டுக்கு வந்திருக்கும் அம்மனை சர்க்காருக்கு யார் காட்டிக்கொடுப்பார்கள்? அதனால் அவர் யாரையும் விசாரிப்பதில்லை. சைக்கிளில் தெருத்தெருவாகப் போவார். வேப்பிலை தொங்கும் வாசல்களை எண்ணி மேலிடத்துக்குத் தெரிவிப்பார். அன்று எங்கள் தெருவில் நுழைந்தவர் எண்ணவே இல்லையாம். திருப்பி மிதித்த சைக்கிளை ஆபீஸ் வாசலில்தான் நிறுத்தினாராம்.

மறுநாள் ஜீப் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு பக்கச் சாக்கடை ஓரமும் பிளீச்சிங் பவுடரால் வெளுத்துப்போயிருந்தது. பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று மைக் அதட்டிக்கொண்டிருந்தது. பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டு வேன்.

இன்ஸ்பெக்டர் மாமாவைப் பிடித்துக்கொண்டார். “இன்னா நைனா, தெரு முச்சூடும் ஆத்தா எறங்கிக்கீறா, ஒர்த்தராவது வாயத் தொறந்தீங்களா?”

“சார், சும்மா கட்டினது சார். நெஜமா ஒரே ஒரு வீடுதான்.”

“எந்த ஊடு?”

மாமா வாயைத் திறந்தார். பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா, மூக்கில் முந்தானையோடு, அதே பதிலுக்காகக் காத்து நின்றார். மாமா வாயை மூடிக்கொண்டார்.

“அப்போ அல்லா ஊடும்தான்” என்றார் இன்ஸ்பெக்டர்.

வேன் பின்பக்கமாகவே தெருமுனை வரை போய்த் திரும்பிக்கொண்டது.

அம்மா அடுக்களையில் அழுதாள். மாமா, அன்று தெருவிலேயே யோக்கியமான ஆள் தான் ஒருவர்தான் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏற்றக்கூடாதென்று பக்கத்து வீட்டில் தயாரான பஜ்ஜியும் கேசரியும் மூடிபோட்டு வந்து சேர்ந்தன.

அக்கா பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக வந்து என் பாயருகே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். எனக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு, மிச்சக் கேசரியைத் தட்டோடு மடியில் வைத்துக்கொண்டாள். “ஒண்ணும் அவசரமில்லடா. தண்ணி மெதுவா ஊத்திக்கலாம்” என்றவள், சத்தம் வெளியே கேட்காதபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒரு தட்டுக் கேசரிக்கு ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்படுவாளா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.