அறுவத்தெட்டாம் நம்பர் ஆயில்

பீடி இல்லாமலே வாயில புகை வரும்... குவைத்துல வஃப்ரா பக்கம் ஜனவரி காலை அப்படித்தான். தக்காளிக் கூடாரத்து பிளாஸ்டிக்ல இருந்து பனித்தண்ணி சொட்டும். கூடவே ஒரு சத்தம். டிராக்டர ஸ்டார்ட் பண்ணதும் லோடர் பம்ப் "ங்ஙீ..."னு அழும். பல்வலிக்காரன் முனகுற மாதிரி.

அந்த அழுகைக்குக் காரணம் நான்தான். சொல்றேன்.

ரெண்டாயிரத்து நாலோ அஞ்சோ இருக்கும். நான் அந்தத் தோட்டத்து மெக்கானிக். படிப்பு அஞ்சாப்பு. டிராக்டர் ஓட்டுறவன் வீரபாண்டி, முதுகுளத்தூர்க்காரன். ஒரே ரூம், ஒரே அடுப்பு, ஒரே தேங்காயெண்ணெய் பாட்டில்.

பொண்டாட்டி ஆறு மாசமா இருக்கும்போது ஃபிளைட் ஏறுனவன் அவன். மகளுக்கு ரெண்டு வயசு நெருங்குது, இவன் பாத்தது போட்டோ மட்டும். பெட்டிக்குள்ள ஒரு ரோஸ் கலர் ஷூ வச்சிருந்தான், நடந்தா கீச்சுகீச்சுனு கத்துறது.

"போட்டோல காலே தெரியல, எப்படிடா அளவெடுத்த?"ம்பேன்.

"மூஞ்சிய வச்சு ஒரு மதிப்புதான் மச்சான்"பான்.

ரெண்டு மாச லீவு பாஸாகி இருந்துச்சு. பிப்ரவரில போகணும்.

இப்ப நம்ம புத்திசாலித்தனத்துக்கு வருவோம். டிராக்டர் முன்னாடி உரம் அள்ளுற பக்கெட், அதான் லோடர், ஏறி இறங்குறது ஹைட்ராலிக் ஆயில் பலத்துல. நவம்பர்ல நான் ஆயில் மாத்துனேன். ஷெட்ல ரெண்டு டிரம். ஒண்ணுல 32, இன்னொண்ணுல 68. இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தெரியாட்டியும் நம்பர் தெரியுமே. முப்பத்திரண்டு ஃபெயில் மார்க், நானே வாங்கியிருக்கேன். அறுவத்தெட்டு பாஸ். விரல்ல தொட்டுப் பாத்தா அதுதான் கெட்டியாவும் இருந்துச்சு. கல்ஃப்னாலே சூடு, கெட்டி ஆயில்தான் தாங்கும்னு ஊத்திட்டேன்.

கல்ஃப்லயும் குளிரும்னு எவன் சொன்னான் எனக்கு...

ஜனவரில ஆரம்பிச்சுச்சு. காலைல ஆறு மணிக்கு லீவர இழுத்தா பக்கெட் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி யோசிச்சு யோசிச்சு எந்திரிக்கும். பதினோரு மணிக்கு எங்க முதீர் வருவாரு, அதான் மேனேஜர், எகிப்துக்காரரு. அதுக்குள்ள வெயில் ஏறிடும். பக்கெட்டு சர்ருனு போகும்.

காலைல உரம் கிடந்த இடத்துலயே கிடக்கு, மிஷின் நல்லா ஓடுது. அப்ப யாரு கள்ளன்? டிரைவர்.

"லீவு கிடைக்கிற திமிரு. ரெண்டு மாசம் மாஃபி, ஒரு மாசம்தான். கலாஸ்"னுட்டாரு. மாஃபின்னா கிடையாது, கலாஸ்னா முடிஞ்சுது.

வீரபாண்டி சண்டை போடல. ரூமுக்கு வந்து ஷூவ எடுத்து ஒரு தடவ அமுக்கினான், கீச்சுன்னுச்சு. திரும்ப உள்ள வச்சுட்டான். "உன் லோடரு என்னைய சோம்பேறியாக்கிருச்சு மச்சான்."

நான் ஃபில்டர் பாத்தேன், ஹோஸ் பாத்தேன், பம்பயே கழட்டிப் பாத்தேன். ஆயில மட்டும் பாக்கல. நான் ஊத்துனதாச்சே, அது எப்படித் தப்பா இருக்கும்.

ஒரு காலைல வீரபாண்டி தேங்காயெண்ணெய் பாட்டில உள்ளங்கைல தட்டிட்டு இருந்தான். வரல. வெள்ளையா உறைஞ்சு கிடக்கு. சாயா கொதிக்கிற பாத்திரத்துப் பக்கத்துல வச்சான். கொஞ்ச நேரத்துல தண்ணியா ஓடுது.

பாட்டில வாங்கி கவுத்துக் கவுத்துப் பாத்தேன்.

"என்னடா, எண்ணெயப் பாத்ததே இல்லயா?"ன்னான். நான் ஷெட்டுக்கு ஓடி டேங்க்ல குச்சிய விட்டுத் தூக்குனேன். தேன் மாதிரி நூல் இழுக்குது.

ஆயில சத்தமில்லாம மாத்திட்டா யாருக்கும் தெரியாது. ஆனா மறுநாள் காலைல மிஷின் ஓடுச்சுன்னா, முதீர் என்ன நினைப்பாரு? 'பாத்தியா, லீவ வெட்டுனதும் வேலை நடக்குது'ன்னுதான். அப்புறம் வீரபாண்டி நிரந்தரக் கள்ளன்.

மறுநாள் கெஞ்சிக் கூத்தாடி முதீர காலைல ஆறு மணிக்கு வரவச்சேன். பம்ப் அழுகைய கேக்க வச்சேன். தேங்காயெண்ணெய் பாட்டில கவுத்துக் காட்டுனேன். ஒரு சொட்டு விழல. "இது தலை எண்ணெய். அதே மாதிரி அது டேங்க் எண்ணெய்"னு நெஞ்சத் தொட்டு, "ஊத்துனது அனா. வீரபாண்டி நல்ல ஆளு"ன்னேன். அனான்னா நான். எனக்குத் தெரிஞ்ச அரபி, இந்தி ரெண்டும் அதோட தீந்துபோச்சு.

"ஏன் 68?"ன்னாரு.

பாஸ் மார்க் கதைய கையாலயும் காலாலயும் சொன்னேன். மனுசன் சிரிச்ச சிரிப்புல தலையில சுத்துன துண்டு அவுந்து விழுந்துச்சு. சிரிச்சு முடிச்சு கண்ணத் தொடச்சுட்டு சொன்னாரு. அவனுக்கு ரெண்டு மாசம். அவன் வர்ற வரைக்கும் காலை டூட்டி உனக்கு.

முப்பத்திரண்ட ஊத்துனேன். பிரியாணினு கேட்டவன் மாதிரி பக்கெட் எந்திரிச்சுச்சு. வீரபாண்டி அரை நாள் ஆசை தீரத் திட்டுனான். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது, "காலைல ஸ்வெட்டர் போட்டு ஓட்டு, அறுவத்தெட்டு"ன்னான். அன்னைல இருந்து அதான் என் பேரு.

ரெண்டு மாசம் ஓட்டுனேன். விரலெல்லாம் மரத்துப் போகும்...

திரும்பி வந்தவன் அவன் பொண்டாட்டி குடுத்துவிட்டதுன்னு ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய் நீட்டுனான். ஷூ கட்டை விரலுக்குக் கூட பத்தலயாம். புள்ள இவனப் பாத்துட்டு ஆத்தா சேலைக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அப்புறம் மெல்ல மெல்ல வந்து "மாமா"ன்னிருக்கு. வீட்டுக்கு வர்ற ஆம்பளைங்க எல்லாம் அதுக்கு மாமாதானே.

"அப்பான்னு எப்படா கூப்பிட்டுச்சு?"

சாயாவ ஆத்திக்கிட்டே, என்னையப் பாக்காம சொன்னான்: "முப்பத்தஞ்சாவது நாளு."

ஒரு மாச லீவுன்னா மாமாவாவே திரும்பியிருப்பான்.

"முப்பத்தஞ்சா... பாஸ் மார்க்டா"ன்னேன். சிரிச்சான்.

இப்ப நான் துபாய்ல, அல் குசைஸ்ல ஒரு கேரேஜ்ல. ரூம்ல பசங்க வீடியோ கால் போட்டா, பல்லு முளைக்காத புள்ள கூட போனப் பாத்து அப்பாங்குது. நல்லாத்தான் இருக்கு. குளிர் எத்தனை டிகிரின்னும் அதே போன் சொல்லிடுது. நான் மட்டும் இன்னும் பாத்ரூம் ஜன்னல்ல இருக்கிற தேங்காயெண்ணெய் பாட்டிலப் பாத்துட்டுத்தான் ஆயில் டிரம்ம தொடுறேன்.

வீரபாண்டி ஊரோட போயிட்டான். அவன் மக காலேஜ் படிக்குது. போன வாரம் கூப்பிட்டு, "அறுவத்தெட்டு மாமா, அங்க குளிரா?"ன்னு கேக்குது.

அவன் வேணாம்னு விட்ட அந்த 'மாமா'... இப்ப எனக்குத்தான்.