ஓட்டைச் சுவருக்குக் கிடைத்த பரிசு

தம்பி மனைவி கட்டிய நூலகத்துக்குப் பரிசு என்றதும் நாத்தனாருக்கு வயிறு பற்றி எரிந்தது. அவளும் கட்டட வடிவமைப்பாளர்தான். இருபத்தைந்து வருடமாக வரைந்ததெல்லாம் பல் மருத்துவமனையும் கார் நிறுத்துமிடமும். ஓர் ஈ காக்கை திரும்பிப் பார்த்ததில்லை.

எல்லோரும் மெச்சியது நூலகத்தின் மேற்குச் சுவரை. மூன்று செங்கலுக்கு ஓர் ஓட்டை விட்டுக் கட்டியதில் வெயில் கட்டம் கட்டமாக உள்ளே விழுந்தது.

"ரயிலடிகிட்ட நூறு வருஷத்துக் கிடங்கு ஒண்ணு இருக்கு அண்ணி. அதோட சுவரைப் பார்த்துத்தான் தோணுச்சு," என்றாள் தம்பி மனைவி.

தோணுச்சாம்! அச்சு அசல் காப்பியாகத்தான் இருக்கும். அதை நிரூபித்து அவள் மூக்கை உடைக்க, மறுநாளே அளவு நாடாவோடு கிடங்குக்குப் போய் நின்றாள் நாத்தனார்.

சுவரைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இடிந்து கிடந்த இந்தச் சுவரை எடுத்துக் கட்டியவளே அவள்தான். பழைய செங்கல் எவ்வளவு தேறும் என்று தப்பாகக் கணக்குப் போட்டதில் கால் பங்கு பற்றவில்லை. மூன்றுக்கு ஓர் ஓட்டை விட்டு, "காத்தோட்டத்துக்கு சார்" என்று மேலதிகாரியிடம் சமாளித்திருந்தாள். பிறகு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காததில் அந்தச் சுவரே மறந்துபோயிருந்தது.

"போய்ப் பார்த்தீங்களா அண்ணி? அந்தக் காலத்து ஆளுங்க மூளையே மூளை! இப்ப இருக்கிறவங்களுக்கு அப்படி வருமா?"

"வராது," என்றாள் நாத்தனார், பல்லைக் கடித்துக்கொண்டு. என்றோ செத்துப்போன, பேர்கூடத் தெரியாத ஒரு கொத்தனார்மேல் அவளுக்கு அப்படியொரு பொறாமை வந்தது.