வெள்ளிப் பெயிண்ட் அடித்த ஷேக்கிள்கள்

தேனிக்கு வெளியே ஒரு நூல் மில்லில் மெஷின் பராமரிப்பு என் பொறுப்பு. ஆயுத பூஜை வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. போன வருஷம் கழுவித் துடைத்ததோடு நிற்காமல், பாரம் தூக்கும் சாமான் அத்தனைக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிட்டேன். செயின் பிளாக், கொக்கி, ஷேக்கிள் எதையும் விடவில்லை. ஷேக்கிள் என்றால் ரோப்பையும் பாரத்தையும் இணைக்கிற லாட வடிவ இரும்பு. அதன் இரண்டு காதுகளுக்கும் குறுக்கே ஒரு பின் போகும். சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கியபோது நகைக்கடை தோற்றது போங்கள்.

மறுநாள் விஜயதசமி. மூன்று டன் எடையில் புது மெஷின் ஒன்று லாரியில் வந்து நின்றது. பன்னிரண்டு மணி வரை நல்ல நேரம். அதற்குள் மெஷினை அதன் இடத்தில் உட்கார வைப்பதாக முதலாளியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். நேரம் தப்பினால் வருஷம் முழுக்க நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. அறும்போதெல்லாம் என் தலைதான் உருளும்.

கிரேன் கொண்டுவந்தது என் மனைவியின் தம்பி. ஆண்டிபட்டியிலிருந்து வாழைக்கன்று கட்டிய கிரேனோடு வந்தவன், இறங்கியதும் ஷேக்கிள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இது எத்தன டன் தாங்கும்?"

"அதுலயே அடிச்சிருக்கும், பாரு."

"எங்கன அடிச்சிருக்கு? பெயிண்ட்டுதான தெரியுது."

வாஸ்தவம்தான். நம்பர் இருந்த இடத்தில் என் பெயிண்ட் இரண்டு பூச்சு ஏறியிருந்தது.

"வருசக்கணக்கா இதுலதான் தூக்குறோம், மாப்ள. முதலாளி கற்பூரத்தோட நிக்கிறாக. வேலையப் பாரு" என்றேன். நம்பர் தெரியாமல் தூக்க மாட்டேன் என்று கிரேன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

எனக்கு ஏறியது பாருங்கள் கோபம். தை மாதம் அவன் வீட்டு விசேஷத்துக்கு நான் தாமதமாகப் போனதற்கு இன்றைக்குப் பழி தீர்க்கிறான் என்றே நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அவன் சிரித்துக்கொண்டே பெயிண்ட்டைக் கரைக்கத் தின்னர் இருக்கிறதா என்று கேட்டான்.

வேறு வழி? சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஆசை ஆசையாய் அடித்த பெயிண்ட்டை நானே சுரண்டினேன். மெஷினின் நாலு மூலைக்கு நாலு ஷேக்கிள் வேண்டும். மூன்றில் நம்பர் வெளியே வந்தது. மூன்றும் நல்ல வலுவான சரக்கு. நாலாவதில் நான் அப்பியிருந்த சந்தனத்தை வழித்ததும், பின் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண போல்ட் ஒன்று தலையைக் காட்டியது. பாரம் ஏறினால் அது வளையும், வளைந்தால் முறியும். யார் போட்டது என்று விசாரிக்கத் தேவையே இல்லை. எப்போதோ பின் தொலைந்த அவசரத்தில், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நான் போட்டதுதான். அடியோடு மறந்துபோய் அதற்குப் பொட்டும் வைத்திருக்கிறேன்.

தேனி பஜாருக்கு ஆள் போய்ப் புது ஷேக்கிள் வருவதற்குள் மணி பன்னிரண்டரை. முதலாளியிடம் போல்ட்டை நீட்டி, "நான் போட்டதுதான்" என்றேன். அவர் போல்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஜோசியருக்குப் போன் போட்டார். மூன்று மணிக்கு மேல் இதைவிட நல்ல நேரம் இருப்பதாக ஜோசியர் இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடித்துச் சொன்னார்.

மூன்றேகாலுக்கு ரோப் மாட்டினோம். தூக்கிய பாரம் ஆடாமலிருக்க, அதில் ஒரு கயிறு கட்டி ஒருவர் பிடித்துக்கொண்டே கூட நடக்க வேண்டும். எங்கள் மில்லில் அது எப்போதும் நான்தான். கயிற்றைக் கையில் எடுத்தபோது மச்சினன் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, இன்னும் கோவமா?"

"காலையில இருந்த நல்ல நேரத்தக் கெடுத்துட்டியேடா" என்றேன் வீம்புக்கு.

"கயித்தப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நடக்கப் போறது நீங்க. நல்ல நேரத்துலதான் விழுந்துச்சுன்னு எங்க அக்காகிட்ட போயிச் சொல்லச் சொல்றீகளா?"

காலையிலிருந்து நான் மெஷினையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் நினைத்தது என்னை. தூக்கலாம் என்று விரலை உயர்த்திக் காட்டினேன்.