ஸ்பேனரை நேராகப் பார்க்கவைத்த எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார்.

நேற்று காலை சர்ச்சுக்குக் கிளம்பும்போது வீட்டு வாசலிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள்... முடிந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயது.

இந்தப் பக்கத்தில் நான் வரைகிற 'ஸ்பேனர்' நாயை உங்களுக்குத் தெரியும். அக்காவைப் பல பேருக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனி. நான் மெயின்டனன்ஸ், அவர் பேக்கிங். ஆனால் முதல் பழக்கம் இன்பாக்ஸில்தான்.

ஸ்பேனர் ஆரம்பித்த புதிது. கம்பெனி கேட்டில் படுத்துக் கிடக்கும் ஒரு நாயை வைத்து நாலு கட்டத்தில் ஒரு ஜோக். பார்க்கிறவர்களே முப்பது, நாற்பது பேர். ஒருநாள் யாரோ ஸ்பேனரை வரைந்து அனுப்பியிருந்தார்கள். ஃபோனில் விரலால் வரைந்தது. கோடெல்லாம் நடுக்கம். லாரிக்கு அடியில் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது என் நாய்.

எனக்கு வந்த முதல் ஃபேன் ஆர்ட். மதியத்துக்குள் பத்துத் தடவையாவது திறந்து பார்த்திருப்பேன்.

அடுத்த வாரம் கேன்டீனில் ஓர் அக்கா தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அந்த நாயி வரையறது நீதானே தம்பி? நான்தான் லாரி படம் அனுப்பனது. அது இன்னாத்துக்கு எப்பப் பாத்தாலும் சைடு மூஞ்சியே காட்டிக்கினு நிக்குது?"

"அது ஸ்டைல்க்கா."

"வராததுக்குப் பேரு ஸ்டைலா?"

உண்மைதான். நேர்மூஞ்சி வரைந்தால் மூக்கை எங்கே வைப்பதென்றே எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. டீ டைமில் கிழிந்த அட்டைப்பெட்டித் துண்டுகளில் இரண்டு பேரும் மாற்றி மாற்றி வரைந்து பார்த்தோம். முதலில் பன்றி வந்தது. அப்புறம் கரடி. ஒரு மாதம் கழித்துத்தான் நாய் வந்தது. அதுவும் அவர் கையில்தான் வந்தது.

அந்தப் படத்தை அவர் தன் பக்கத்தில் போட்டார். என் போஸ்ட் எதற்கும் வராத அளவுக்கு ஷேர் போனது. அதன் பிறகும் விடாமல் வரைந்தார். ஒருநாள் கமெண்ட்டில் யாரோ, "ஒரிஜினலை விட இதுதான் உயிரோட இருக்கு" என்று எழுதியிருந்தார்கள்.

இதை மறைக்க விருப்பமில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"அக்கா, இனிமே ஸ்பேனரை வரையாதீங்க. சொந்தமா ஏதாவது ட்ரை பண்ணுங்க" என்று மெசேஜ் போட்டேன்.

"சரி தம்பி" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

சாயங்காலம் அவர் பக்கத்தைத் திறந்தால் ஸ்பேனர் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அழித்திருந்தார். நான் அழிக்கச் சொல்லவில்லை... ஆனால் அழிக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை.

மூன்று மாதம் அவர் எதுவும் போடவில்லை. கேன்டீனில் பார்த்தால் மட்டும் எப்போதும் போல, "சாப்ட்டியா தம்பி?" அதற்குப் பதில் சண்டையே போட்டிருக்கலாம்.

கடைசியில் நானே போய், "தப்புக்கா. நீங்க திரும்ப வரைங்க" என்றேன்.

"நீ சொன்னது கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றார். "ஆனா அது உன் நாயி. எனக்கு இப்ப வேற வேல கீது, பாரு" என்று ஃபோனை நீட்டினார்.

கம்பெனி பஸ்ஸில் தூங்குகிற பெண்கள். ஒருத்தி ஜன்னலில் சாய்ந்து, ஒருத்தி பக்கத்துச் சீட்டுக்காரியின் தோளில், ஒருத்தி டிபன் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. எல்லோருக்கும் பெரிய மூக்கு. கண் இருக்கிற இடத்தில் ஒரே ஒரு வளைந்த கோடு.

"கண்ணு வரல எனக்கு. அதான் தூங்கறவங்களா பாத்துப் புடிச்சேன்."

"அப்ப இது ஸ்டைலா?"

"ஆமா, ஸ்டைலு" என்று சிரித்தார்.

பஸ்ஸில் விஷயம் பரவிவிட்டது. "என்னியும் போடுக்கா, ஆனா வாய மூடிக்கினு தூங்கற மாதிரி போடு" என்று கேட்க ஆரம்பித்தார்களாம். சிலர் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வந்து தூங்கினார்களாம். ஏறக்குறைய எண்பது படம் வரைந்து தன் பக்கத்தில் போட்டிருந்தார். போகப்போக மூக்கு சின்னதாகி, கோடு குறைந்துகொண்டே வந்தது. கடைசிப் படங்களில் ஆறேழு கோடுதான். ஆனாலும் யாரென்று தெரியும்.

போன வருஷம் அதில் ஒருத்தியை நான் வரைந்து அவருக்கு அனுப்பினேன். என் முறை ஃபேன் ஆர்ட். "பரவால்ல. ஆனா அவ நிஜமா தூங்கல, நடிக்கறா" என்று பதில் வந்தது.

நேற்று மாலை ஆரம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு ஷிஃப்ட் பஸ் பெண்கள் மொத்தமும் அங்கே இருந்தார்கள். நிறைய பேரின் வாட்ஸ்அப் டிபி அக்கா வரைந்த படம்தான்.

அக்கா வீட்டுக்காரர் ரைஸ் மில்லில் வேலை பார்க்கிறவர். என்னை யாரென்று கேட்டார். சொன்னேன்.

"எப்பவும் ஃபோன்ல தடவிக்கினே இருப்பா. கேம் ஆடறான்னு நெனச்சேன்" என்றார்.

என் ஃபோனில் அக்காவின் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கடைசிப் படம் வந்ததும் தலை நிமிர்ந்தார்.

"இதுல நான் எங்கியும் இல்லியா தம்பி?"

"இல்லண்ணா..."

 பிறகு ஃபோனை என் கையில் கொடுத்தார்.

"நான் அந்த பஸ்ல போறதில்ல இல்ல..." என்றார்.

இன்று பதினொரு மணிக்கு அடக்கம் முடிந்தது.

போய் வாங்கக்கா.