செய்தவர் உட்கார்ந்த நாற்காலி

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தள்ளிப் போட்டு வந்தேன். நான் பத்தாவதோடு நின்றவன். கடையில் சாமான் சீட்டு எழுதுவதைத் தவிர எனக்கு வேறு எழுத்துப் பழக்கம் கிடையாது. தங்கள் படத்துக்குத் தாங்களே விளம்பரம் தேடுகிறார்கள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சமும் இருந்தது. என் மனைவிதான், "நல்லதைப் பார்த்துட்டு வாயை மூடிக்கினு இருக்கறதும் கஞ்சத்தனம்தாங்க" என்று சொல்லிச் சொல்லி என்னை உட்கார வைத்தாள். பிஸ்மி சொல்லித் தொடங்குகிறேன்.

கொரோனா அடங்கி, கடைகள் பழையபடி திறந்திருந்த சமயம். புதுப்பட்டினம் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ஹார்டுவேர் கடை. கீல், ஆணி, உப்புத்தாள், பாலிஷ் என்று மரவேலைக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் இருக்கும். அச்சரப்பாக்கத்திலிருந்து கடலோரம் வரை உள்ள நல்ல வேலைக்காரர்கள் பலர் எங்கள் கடைக்கு வருவார்கள். அவர்கள் செய்யும் நாற்காலியும் கட்டிலும் ஈசிஆர் ரோட்டில் இருக்கும் பெரிய ஷோரூம்களுக்குப் போகும். அங்கே அவற்றின் மேல் ஷோரூம் பெயர் இருக்குமே தவிர, செய்தவர் பெயர் இருக்காது. வாங்கியவருக்கு யார் செய்தது என்று தெரியாது. செய்தவருக்கும் அது யார் வீட்டுக்குப் போனது என்று தெரியாது.

இவர்களைப் படம் பிடித்து வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. செய்தே தீருவது என்று மனதில் நிய்யத் வைத்துவிட்டேன். கடை விடுமுறை நாட்களில் போனை எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போவேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அந்தப் படத்துக்குக் குரல் கொடுப்பாள். என் குரல் சந்தையில் ஏலம் விடுகிறவன் குரல் போல இருக்கும்; அவள் குரல் பக்கத்து வீட்டுக்காரி கதை சொல்வது போல இருக்கும். ஒவ்வொரு படத்தையும் நாங்களே இணையத்தில் ஏற்றுவோம். எல்லாம் சேர்ந்த பிறகு புத்தகமாக அச்சடிக்க வேண்டும் என்றும் ஆசை.

டீக்கடையில் என்னை ஓட்டாத நாள் கிடையாது.

"இன்னா டைரக்டரே, படத்துல ஈரோயினி யாரு?"

"அவரு படத்துல ஈரோயினிக்கு நாலு காலாம் மச்சான்!"

நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். ஆனால் உள்ளே சுருக்கென்று இருக்கும். படத்தைப் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அதிலும் பாதிப்பேர் என் மச்சினர்கள்.

அந்த வரிசையில் அச்சரப்பாக்கத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்த ஒருவரைப் பற்றிய படம்தான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் உளியைத் தொடமாட்டார். அவருடைய அப்பா காலம் வரை அந்தக் குடும்பத்துக்குச் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். இவர்தான் முதன்முதலில் மரவேலைக்கு வந்தவர். தேக்கில் அவர் செய்யும் கைவைத்த நாற்காலியில் ஒரு விசேஷம் உண்டு. கை வைக்கும் கட்டையின் முனையில், அடிப்பக்கமாக, பெருவிரல் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் குடைந்து வைப்பார். பார்த்தால் தெரியாது. உட்கார்ந்து கையை வைத்தால் விரல் தானாக அங்கே போய்ச் சேரும்.

படம் எடுக்கும்போது, "அண்ணாத்த, அதுல உட்காரு. ஒரு ஷாட் எடுத்துக்கறேன்" என்றேன்.

"அதெல்லாம் ஆவாது பாய்" என்றார்.

"ஏன்?"

"நாற்காலின்னா வாங்கினுபோற வூட்டுக்காரங்கதான் மொதல்ல குந்தணும். நான் குந்திட்டு குடுத்தா அது பழசு. பழசை புதுசுன்னு விக்கறது பாவம்."

"அப்ப வலுவா இருக்குதான்னு எப்படிப் பார்ப்பே?"

பட்டறை மூலையைக் காட்டினார். முடிந்த நாற்காலி ஒன்றில் முழு அரிசி மூட்டை ஒன்று ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. "ராத்திரி முழுக்க அது குந்தினு இருக்கும். காலையில கிறீச்னு சத்தம் வரலைன்னா வண்டி ஏத்திடுவேன். போட்டோ வோணும்னா மூட்டைய எடு பாய். அதுவும் என்னை மாதிரிதான் கீது."

நானே ஒரு நாற்காலி வாங்கி, நான் முதலில் உட்கார்ந்துவிட்டு, பிறகு அவரை உட்கார வைக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "நடிக்கக் கூப்புடறியா?" என்று சிரித்துவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "ஷோரூம் வண்டியில சில வூட்டுக்கு நானே போயி எறக்கி வெச்சிருக்கேன் பாய். தண்ணி குடுப்பாங்க. நல்லா கீதுன்னு சொல்லுவாங்க. குந்துன்னு ஒர்த்தரும் சொன்னதில்ல. எங்கப்பாவும் அப்படியே நின்னு நின்னு பழகினவருதான். வுடு."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. அவர் வீட்டில் எங்களுக்கு உட்காரப் போட்டது நீல பிளாஸ்டிக் நாற்காலிகள்.

படத்தின் கடைசியில் அவர் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பார். நாற்காலி காலியாக இருக்கும். அதைப் பார்த்த என் மனைவி, "என்னங்க, படம் முடிஞ்ச மாதிரியே இல்லையே" என்றாள். எனக்கும் அதே குறைதான். இந்த மனிதர் தன் நாற்காலியில் ஒருமுறையாவது உட்கார்ந்து நான் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் ஒட்டிக்கொண்டது. எத்தனையோ தொழுகையில் பெரிய பெரிய துஆவுக்கு நடுவே இதையும் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது எனக்கே சிரிப்பு வரும்.

பிறகு, படத்தில் வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு மாலை திரையிடுவது என்று முடிவு செய்தோம். யாரும் பார்க்கவில்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள்வது என்றும் மனதுக்குள் நினைத்திருந்தேன். முகூர்த்தம் இல்லாத நாள் என்பதால் கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள சின்னக் கல்யாண மண்டபத்தைச் சும்மாவே கொடுத்தார்கள்; தேதியையும் இடத்தையும் இணையத்திலும் போட்டோம். பாட்டு வரிகளைச் சுவரில் காட்டத் தன் சர்ச்சில் வைத்திருந்த புரொஜெக்டரை அந்த நாற்காலி அண்ணாத்தயே கேட்டு வாங்கி வந்தார். புது வேட்டி ஒன்றை விரித்துத் திரை கட்டினோம்.

பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், மண்டப வாசலில் ஒரு லோடு ஆட்டோ. அதிலிருந்து ஒரு தேக்கு நாற்காலியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வயதான அம்மா ஒருவர் நின்றிருந்தார். கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் மனைவியாம். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"நீங்கதானே அந்தப் படம் போடுறவர்? இதைச் செஞ்சவர் இன்னிக்கு வருவாரா?" என்று கேட்டார்.

அவருடைய மகள் எங்கள் படத்தைப் போனில் பார்த்திருக்கிறாள். அதில் அந்தப் பள்ளத்தைக் காட்டும் இடம் வந்ததும், அந்த அம்மா எழுந்துபோய்த் தன் வீட்டு நாற்காலியின் அடியில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறார். இருந்தது. அவருடைய கணவர் ஷோரூமில் வாங்கிய நாற்காலி. கடைசிக் காலம் வரை பேப்பர் படிப்பது, காபி குடிப்பது எல்லாம் அதில்தானாம். அவர் போன பிறகு வீட்டில் யாரும் அதில் உட்காரவில்லையாம். இப்போது அந்த அம்மா மகளோடு வெளியூர் போகப் போகிறார். ஃப்ளாட்டில் இதற்கு இடமில்லை.

"யாருக்கோ கொடுக்க மனசு வரலை. செஞ்சவர் யாருன்னு தெரிஞ்சபிறகு, வேற யாருக்குக் கொடுப்பேன்?" என்றார். பிறகு, "என் பேரோ எங்க வீட்டுக்காரர் பேரோ எதிலயும் போட்டுடாதீங்க" என்றும் கேட்டுக்கொண்டார்.

நான் அந்த அண்ணாத்தயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியைத் தூரத்திலிருந்தே பார்த்தார். "நம்மளுதுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். அவர் மனைவி கூப்பிட்டும் உட்காரவில்லை. அந்த அம்மா முன்வரிசை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தேக்கு நாற்காலி அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டோம். அவருடைய படம் வந்தது. அரிசி மூட்டை காட்சிக்கு மண்டபமே சிரித்தது. "வூட்டுக்காரங்கதான் மொதல்ல குந்தணும்" என்று திரையில் அவர் சொன்னார். அப்போது அந்த அம்மா எழுந்தார். இருட்டில் நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தார். நானும் என் மனைவியும் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் இருந்ததால் பேசியது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"வாங்க தம்பி. வந்து உட்காருங்க."

"வோணாம்மா. நான் இங்கயே நிக்கறேன்."

"எங்க வீட்டுக்காரர் முதல்ல உட்கார்ந்துட்டார். ஆசை தீர உட்கார்ந்துட்டார். நீங்க சொன்ன கணக்குப்படி இனிமே தப்பு ஒண்ணும் இல்லையே?"

அந்த அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை அழைத்துப் போவது போல இருந்தது.

நாங்களும் பின்னாலேயே போனோம். அவர் முதலில் நுனியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக முதுகைச் சாய்த்தார். கை கட்டையின் மேல் போனது. விரல் அந்தப் பள்ளத்துக்குள் போனது. பள்ளத்துக்குள் விரலை அப்படியும் இப்படியும் தேய்த்துப் பார்த்தார்.

"வழவழன்னு தேஞ்சி கீதும்மா" என்றார். "ஐயா நல்லா அனுபவிச்சுக் குந்தினு இருந்திருக்காரு."

அந்த அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணாத்த தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார்: "முதுகு நல்லாதான் சாயுது. நான் இவ்ளோ நெனைக்கல."

என் மனைவி என் கையைக் கிள்ளினாள். "எடுங்க, எடுங்க!" என்றாள் ரகசியமாக. எதை எடுப்பது? என் போனிலிருந்துதான் ஒயர் மாட்டி அங்கே படம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போனை வீட்டில் பிள்ளைகளிடம் விட்டு வந்திருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் விளக்கைப் போட வேண்டும். விளக்கைப் போட்டால் அவர் எழுந்து நின்றுவிடுவார். எனக்கு மனம் வரவில்லை. திரையில் அவர் நாற்காலி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். திரைக்குக் கீழே அதே மனிதர் சாய்ந்து உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று என் வாய் தானாகச் சொன்னது.

படம் முடிந்து எல்லோரும் சமோசா சாப்பிட்டுக் கிளம்பும் வரை அவர் எழுந்திருக்கவில்லை; ஆனால் வெளிச்சத்தில் போனை நீட்டி அவரைப் போஸ் கொடுக்க வைக்க எனக்குப் பிடிக்கவில்லை. "வித்துடாதீங்க தம்பி. உட்காருங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனார். அதே லோடு ஆட்டோவில் நாற்காலி அண்ணாத்த ஊருக்குப் போனது. இப்போதும் அவர் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து அதில் உட்கார்ந்துதான் கறிச்சோறு சாப்பிடுகிறாராம். அவர் மனைவி சொன்னார்.

பிறகு செங்கல்பட்டில் ஒரு சின்ன அச்சகத்தில் புத்தகத்தை நாங்களே அச்சடித்தோம். அதில் அவர் நின்றுகொண்டிருக்கும் படம்தான் இருக்கிறது. அவரை அதே நாற்காலியில் மறுபடி உட்கார வைத்து எடுத்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆண்டவன் எனக்குக் காட்டியது ஒரு முறை. அது போதும். எங்கள் படங்களைப் பார்ப்பவர்கள் இன்றும் அதிகம் இல்லை. ஆனாலும் அடுத்த பட்டறைக்குப் போக எனக்குச் சலிப்பு வருவதில்லை. இத்தனை வீடுகளில் எந்த வீட்டில் யார் எழுந்துபோய் நாற்காலிக்கு அடியில் விரலை வைத்துப் பார்ப்பார்களோ, யாருக்குத் தெரியும்?

இதற்குப் படம் இல்லை; நானும் என் மனைவியும் பார்த்ததுதான் சாட்சி. இதற்குள் எங்கள் கடைத்தெருவில் அந்த அம்மா அவருக்குப் பட்டுத்துணி போர்த்தியதாகவும், பெரிய தொகை கொடுத்ததாகவும் கதை வளர்ந்துவிட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒருவர் உட்காரச் சொன்னார், ஒருவர் உட்கார்ந்தார். என் கண்ணுக்கு அதைவிடப் பெரிதாக எதுவும் தெரியவில்லை, அதனால் நீங்கள் யாருக்காவது இதைச் சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.